கிழமை சொல்லி ஆடும் கோயில்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா தேசத்துக்குப் புறப்படுகிறவர்கள், பாஸ்போர்ட்டும் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட சீட்டும் கைப்பையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார்கள். அத்துடன் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. தாங்கள் பிறந்தது என்ன கிழமை?

நமக்கு நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும், பிறந்த நேரத்தை நாழிகைக் கணக்கில் ஒப்பிக்கும் பாட்டிமார்கள்கூட உண்டு. கிழமையைக் கேட்டால் மட்டும் விழிப்போம். கானாவிலோ அதுதான் முதல் கேள்வி. அங்குள்ள அகான் ஜனங்கள், குழந்தை எந்தக் கிழமையில் பிறந்ததோ அந்தக் கிழமையின் பெயரையே அதற்கு முதல் பெயராகச் சூட்டிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோபி. 1997 முதல் 2006 வரை ஐ.நா. சபையின் பிரதம காரியதரிசியாக இருந்த கோபி அன்னான் வெள்ளிக்கிழமைக் குழந்தை. சனிக்கிழமை பிறந்தவன் க்வாமே. 1957ல் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த நிக்ருமாவின் முதல் பெயர் க்வாமே. சனிக்கிழமை பிறந்தது பெண்ணாக இருந்தால் அவள் பெயர் ஆமா!

"ஆமா!" என்று கடைத்தெருவில் யாராவது குரல் கொடுத்தால் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும், யாரோ யாருக்கோ ஆமாம் போடுகிறார்கள் என்றுதான் காதில் விழும்.

என் கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு, கானாவின் தலைநகரான அக்ராவில் இரண்டு வருஷம் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு தையற்கார அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசல் வராந்தாவிலேயே மூன்று தையல் மிஷின்கள்; இரண்டு பெண்கள் அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தார்கள். என்னை 'என் தங்கை' என்றுதான் அழைப்பாள். அவளுடைய தாயாரும் கூட இருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிய கிழவி. அந்த ஊரில் தாயை 'மாமே' என்கிறார்கள். வயதான பெண்மணிகள் எல்லோரையும் அப்படியே அழைக்கலாம். என் வாயில் அது 'மாமி' என்றே வந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் தையற்கார அம்மாள் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு, "தங்கை, வருகிற ஞாயிற்றுக்கிழமை என் தாய் கோயிலில் நன்றி செலுத்துகிறாள். நீயும் வரவேண்டும் என்று சொல்லச் சொன்னாள்" என்றாள். அழைப்பு என்றால் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்க வேண்டாமா? அவள் முகத்தில் அது இல்லை. பிறகு, "உன் கிழமை என்ன என்று கேட்டுக்கொண்டு வா. அது தெரியாமல் அங்கே வந்து பிரயோஜனமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மயிலாப்பூரில் இருக்கும் என் தாயாருக்கு டெலிபோன் செய்தேன். பீரோவைத் திறந்து, ஜாதகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பிடித்து, "புதன்கிழமையடி! பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று உன் தாத்தா சொன்னார்" என்றாள் அம்மா. அந்தத் தையற்காரியும் அவள் தாயும் கேப் கோஸ்ட் பக்கத்து ஃபான்டி ஜாதியார். அவர்களுடைய பாஷையில் புதன்கிழமைப் பெண் எக்குவா. அன்று முதல் அந்தத் தெரு முழுவதற்கும் நான் எக்குவா ஆகிவிட்டேன். அவர்களுடைய கதைகளில் வரும் தந்திரக்காரச் சிலந்தி அனான்ஸிக்கும் புதன்கிழமைதானாம். இது எனக்குப் பெருமையா இல்லையா என்பதை அவர்கள் சொல்லவில்லை.

பேசாத மணி

நாம் எந்தக் கிறிஸ்தவ ஆலயத்தைக் கண்டாலும் 'மாதா கோயில்' என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுவோம். நான் போனது மெதடிஸ்ட் ஆலயம். கானாவில் 2021ல் எடுத்த ஜனக்கணக்குப்படி நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். இருபது பேர் முஸ்லிம்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்ராவின் தெருக்களைப் பார்த்தால், ஊர் முழுவதும் ஒரே கல்யாணத்துக்குப் போகிறதோ என்று தோன்றும்.

பெண்களின் உடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேலே 'கபா' என்ற சட்டை. தோளில் கொசுவமும் கையில் மடிப்பும் இடுப்பில் சுருக்கமுமாக, தைக்கிறவளின் கைத்திறமை முழுவதும் அதில்தான். கீழே உடம்போடு ஒட்டிய நீளப் பாவாடை. மேலே சுற்றிக்கொள்ளவோ மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளவோ அதே துணியில் இன்னொரு துண்டு. தலையில் கட்டு. துணி பன்னிரண்டு கெஜம் ஒரு முழுப் பீஸ். ஆறு கெஜம் அரைப் பீஸ். ஜாவாத் தீவின் பத்திக் வேலையைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் மிஷினில் அச்சடிக்க ஆரம்பித்த மெழுகுச் சாயத் துணிகள் இவை. ஹெல்மண்ட் என்ற ஊரில் 1846ல் ஏற்பட்ட கம்பெனி இன்றும் ஆப்பிரிக்கப் பெண்களுக்காகவே அச்சடிக்கிறது. ஆனால் துணிக்குப் பெயர் வைப்பது கம்பெனி அல்ல, அக்ராவிலும் குமாஸியிலும் கடை போட்டிருக்கும் பெண்கள். ஒரு தினுசுக்கு 'ஆமையின் முதுகு' என்று பெயர். இன்னொன்றுக்கு 'நல்ல மணி பேசாது' என்று பெயர். உயர்ந்த பாசிமணி கலகலவென்று ஓசைப்படுத்தாதாம். நம்முடைய நிறைகுடந்தான்! வாயாடி நாத்தனார் வரப்போகும் விசேஷத்துக்கு இந்தத் துணியை உடுத்திக்கொண்டு போனால் போதும், ஒரு வார்த்தை பேசவேண்டாம். என்ன சௌகரியம் பாருங்கள்!

நன்றி செலுத்தும் நாளில் வெள்ளையில் நீலமோ கறுப்போ அச்சடித்த துணி உடுத்துவது வழக்கம். மாமி அப்படித்தான் உடுத்தியிருந்தார். கையில் தும்பைப் பூ மாதிரி ஒரு கைக்குட்டை. மகள் உடுத்தியிருந்தது பழுப்பு நிறம்.

ஆலயத்தின் உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது பாடகர் குழு. கறுப்பு அங்கியும், பட்டமளிப்பு விழாவில் போடுகிறாற்போல் சதுரக் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆர்கன் முழங்க, ஆங்கிலக் கீதம் ஒன்றை நான்கு குரல்களில் பிசகில்லாமல் பாடினார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. 'ஆட்டம் பாட்டம் என்று சொன்னார்களே, இதற்கா!' என்று நினைத்தேன்.

பிறகு அறிவிப்புகள் வந்தன. யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சாவு, கூரைக்கு எவ்வளவு பணம் குறைகிறது என்று ஒரு நீளப் பட்டியல். 'புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கவும்' என்றார்கள். தையற்கார அம்மாள் என் முழங்கையைத் தூக்கிவிட்டாள். ஒலிபெருக்கி கைக்கு வந்தது. "நான் இந்தியாவிலிருந்து வருகிறேன். என் பெயர் எக்குவா" என்றேன். அவ்வளவுதான்! சபையில் நூறு இடங்களிலிருந்து ஆரவாரம். புதன்கிழமைக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் உறவு கொண்டாடினார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர், "அனான்ஸியின் தங்கை!" என்று கத்தினார்.

பிரசங்கத்தை நிறுத்திய கிழவி

பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஃபான்டியும் ஆங்கிலமும் கலந்த பிரசங்கம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி திடீரென்று வாயைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிரியார் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். மாமி ஓர் அடி பாடினார். பின்னாலிருந்த பெண்கள் பதில் அடி பாடினார்கள். மறுபடி மாமி, மறுபடி அவர்கள். சுரைக்குடுக்கையில் மணி கோத்த ஒரு கிலுகிலுப்பை எங்கிருந்தோ சேர்ந்துகொண்டது. மூன்று நிமிஷத்தில் பாட்டு தானாகவே அடங்கிற்று. பாதிரியார் விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்ந்தார்.

நம் ஊர் கதாகாலட்சேபத்தில் பாகவதர் 'கோபிகா ஜீவன ஸ்மரணம்' என்றால் சபை 'கோவிந்தா, கோவிந்தா' என்று எழும் அல்லவா? அங்கே பாகவதர் கேட்டால்தான் சபை வாயைத் திறக்கும். இங்கே சபையிலிருந்து யார் வேண்டுமானாலும் பிரசங்கியை நிறுத்தலாம். அவர் சொல்லும் வேத வசனத்துக்குப் பொருத்தமாகப் பாட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டுகளுக்குப் புஸ்தகம் கிடையாது. 'எபிபின்ட்வொம்' என்று பெயர். ஆப்பிரிக்கப் பாட்டு என்று அர்த்தம். இது பிறந்த கதை வேடிக்கையானது. கேப் கோஸ்ட் துறைமுகத்துக்கு முதல் மெதடிஸ்ட் பாதிரியார் 1835 ஜனவரியில் வந்து, அந்த வருஷமே காய்ச்சலில் இறந்தார். 1838ல் வந்த தாமஸ் பர்ச் ஃப்ரீமன் என்பவர்தான் நிலைத்து நின்றார். அவருக்குத் தகப்பனார் ஆப்பிரிக்கர், தாயார் இங்கிலீஷ்காரி. பாதிரியாராவதற்கு முன் தோட்டக்கலை நிபுணர். எழுத்து வாசனை இல்லாத ஸ்திரீகள் ஆங்கிலக் கீதங்களின் எதிரே வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'உங்களுக்குத் தெரிந்த மெட்டில், உங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் பாடுங்கள்' என்று அவர் தைரியம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். புஸ்தகத்தைப் படிக்கத் தெரியாதவர்கள், காதால் கேட்ட வேதத்தைப் பாட்டாகக் கட்டினார்கள். படித்தவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, படிக்காதவர்கள் பாதிரியாரையே நிறுத்தி வைத்தார்கள்!

நம் பக்கத்திலும் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ராகமும் தாளமும் கூட்டிக் கிறிஸ்தவக் கீர்த்தனங்கள் பாடி வைத்ததால்தானே, இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் ஜெர்மன் மெட்டுப் பாட்டுகளுடன் நம் சங்கீதமும் கேட்கிறது? ஆனால் சாஸ்திரியார் பெரிய புலவர். சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர். கேப் கோஸ்ட் கிழவிகளுக்கு மன்னரும் இல்லை, ஏடும் இல்லை.

வெளியே நின்ற மேளம்

பாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. மேளத்துக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

1828ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் மிஷன் அக்ராவில் வந்து இறங்கியது. முதலில் வந்த நால்வரும் மூன்று வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். அப்புறமும் விடாமல் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இதே மிஷன்தான் 1834ல் மங்களூருக்கும் வந்தது. பிற்பாடு அது வைத்த ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரால்தான் நம் வீடுகளின் கூரைக்கு மங்களூர் ஓடு வந்தது. கானாவில் இவர்கள் மதம் மாறினவர்களைக் கிராமத்தை விட்டுப் பிரித்து, 'சாலெம்' என்று ஒரு தனித் தெருவில் குடிவைத்தார்கள். (நம் சேலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) சாலெமில் மேளம் கூடாது, ஆட்டம் கூடாது. மேளம் பழைய தெய்வங்களை அழைப்பது. ஆகவே அது பிசாசின் வாத்தியம். சட்டம் அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த ஜனங்களின் ட்வி பாஷையில் குரலை ஏற்றிச் சொன்னால் ஓர் அர்த்தம், இறக்கிச் சொன்னால் வேறு அர்த்தம். 'பாபா' என்ற ஒரே சொல், ஸ்வரத்துக்குத் தக்கபடி, 'நல்லது' என்றாகும், 'தகப்பன்' என்றாகும், 'விசிறி' என்றும் ஆகும்! இந்த வார்த்தைகளை எடுத்து ஜெர்மன் மெட்டில் பொருத்தினால் என்ன ஆகும்? பரமண்டலத்துப் பிதாவைப் பாடுவதாக நினைத்துக்கொண்டு விசிறியைப் பாடவேண்டியதுதான்.

இதைக் கண்டு மனம் பொறுக்காதவர் எஃப்ராயீம் ஆமூ. 1899ல் பிறந்தவர். அக்ரோபாங் என்ற மலையூரில், பாஸல் மிஷனிலிருந்து வளர்ந்த பிரஸ்பிடேரியன் சபையின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உபாத்தியாயர். பேச்சின் ஏற்ற இறக்கத்தை மெட்டும் பின்பற்றவேண்டும் என்று சொல்லி, தாமே கீதங்கள் இயற்றினார். மேளத்தையும் மூங்கில் குழலையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கோட்டு, டையைக் கழற்றிவிட்டுத் தம் ஜனங்களின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிரசங்க மேடையில் ஏறினார். பெரியவர்களுக்கு இது பெரும் அபசாரமாகப் பட்டது. 1933ல் அவரைக் கல்லூரியிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

அப்புறம் அவர் அச்சிமோட்டா கல்லூரிக்குப் போனார். லண்டனுக்குப் போய்ச் சங்கீதம் படித்தார். 1995ல் காலமாகும் வரையில் துணியை விடவில்லை. 1929ல் அவர் இயற்றிய 'யென் அரா அசாஸே நி' இன்று கானாவில் தேசிய கீதத்துக்கு அடுத்தபடியாகப் பாடப்படுகிறது. 2002ல் அச்சிட்ட இருபதாயிரம் ஸெடி நோட்டில் அவர் படத்தைப் போட்டார்கள். 2007ல் நாணயத்தில் நான்கு பூஜ்யங்களை வெட்டியபோது அந்த நோட்டின் மதிப்பு இரண்டு ஸெடி ஆயிற்று. மனுஷரை நீக்கிய சபைகளோ அவருடைய மேளத்தை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டன.

காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். அக்ராவின் ஆதிக்குடிகளான 'கா' ஜனங்கள், ஹோமோவோ என்ற அறுவடைத் திருநாளுக்கு முன்னால் சுமார் ஒரு மாதம் ஊரில் மேளம் கொட்டக் கூடாது என்று விரதம் வைத்திருக்கிறார்கள். 1998 முதல் சில வருஷங்கள் இதன் பேரில் பெரிய சச்சரவு. பழைய மரபினர் மேளத்தை நிறுத்து என்கிறார்கள். புதிய சபைகள் நிறுத்தமாட்டோம் என்கின்றன! கைகலப்பும் நடந்தது. மேளத்தைப் பிசாசு என்று சொன்ன பாஸல் பாதிரிகள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ?

இந்தப் புதிய சபைகளையும் இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தேன். ஒலிபெருக்கி மார்பில் இடிக்கிறது. காணிக்கை கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்று மேடையில் உத்தரவாதம் தருகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வெள்ளிக்கிழமை தோறும் ராத்திரி முழுவதும் ஜபம். எங்களுக்குத் தூக்கம் போயிற்றே தவிர, பத்து மடங்காகத் திரும்பி வரவில்லை.

ஏழு கிழமைகள், ஏழு தட்டுகள்

பிரசங்கம் முடிந்தது. ஆர்கன் ஓய்ந்தது. பின்னாலிருந்து மேளம் கிளம்பிற்று. அதோடு ட்ரம்பெட், கிட்டார். சதுரக் குல்லாய் போட்டுக்கொண்டு ஆங்கிலக் கீதம் பாடினார்களே, அதே ஆசாமிகள்! குல்லாயைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இடுப்பை அசைக்க ஆரம்பித்தார்கள்.

காணிக்கை வசூலிக்கும் விதம் இப்படி: ஏழு கிழமைக்கு ஏழு பாத்திரங்கள். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்களை முதலில் அழைக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வரிசையாக, கைக்குட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, ஆடியபடியே முன்னே போய்ப் பணத்தைப் போட்டுவிட்டு, ஆடியபடியே திரும்பி வரவேண்டும். குதிப்பதில்லை. முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை லேசாக வளைத்து, அடிமேல் அடி வைத்து நகர்கிறார்கள். பாங்கு மானேஜர் என்று சொன்ன ஒருவரும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒரே கிழமையானதால் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கிழமைக்குப் பணக்காரன், ஏழை கிடையாது, குலம் கிடையாது, படிப்பும் கிடையாது.

புதன்கிழமை வந்தது. எட்டு கஜம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம் என்ற என் உத்தேசம் பலிக்கவில்லை. இரண்டு எக்குவாக்கள் என் இரண்டு கைகளையும் பிடித்து வரிசையில் நிறுத்தினார்கள். காஞ்சீபுரம் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நானும் போனேன். என் நாட்டியத்தைப் பற்றி அங்கே யாரும் விமர்சனம் எழுதவில்லை. நானும் எழுதப் போவதில்லை.

பொக்கிஷதார் எண்ணி முடித்து ஒலிபெருக்கியில் தொகையை வாசித்தார். செவ்வாய்க்கிழமை முதல், புதன் ஐந்தாவது, வியாழன் கடைசி. சபையெல்லாம் 'வியாழன், வியாழன்' என்று கேலி செய்ய, வியாழக்கிழமைக்காரர்கள் ரோஷம் பொறுக்காமல் இன்னொரு சுற்று ஆடிப் பணம் போட்டார்கள். கோயில் குழல் விளக்கில் வெளிச்சம் மறையும்படி 'உபயம்' எழுதி வைக்கும் நமக்கு இந்த யுக்தி தோன்றவில்லையே!

செவ்வாயை முதலாவதாக்கியதில் தையற்கார அம்மாளுக்குப் பங்கு உண்டு. அவள் செவ்வாய்க்கிழமைப் பெண். தன் முறை வந்தபோது அழகாகத்தான் ஆடினாள். ஆனால் அவள் தாய் நன்றி செலுத்தும் நேரம் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

1979, சனிக்கிழமை

மாமி சனிக்கிழமை பிறந்தவர், ஓர் ஆமா. அக்ராவின் மகோலா சந்தையில் துணிக் கடை வைத்திருந்தவர். 1924ல் கட்டிய அந்தச் சந்தை முழுவதும் பெண்களின் ராஜ்யம். துணி, தக்காளி, மீன் எல்லாவற்றுக்கும் அவர்களே முதலாளிகள். 1979 ஜூனில் ராணுவத்தில் ஒரு கோஷ்டி ஆட்சியைக் கைப்பற்றிற்று. அப்போது நாட்டில் சாமான் கிடைக்கவில்லை. விலை ஏறிக்கொண்டே போயிற்று. அதற்கெல்லாம் காரணம் சந்தைப் பெண்களின் பேராசை என்று சொல்லி, சர்க்கார் விலைக்கு மேல் விற்றவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு 18ந் தேதி மகோலாவின் முதல் சந்தையை வெடி வைத்தும் புல்டோஸர் ஓட்டியும் தரைமட்டமாக்கினார்கள். அன்று சனிக்கிழமை.

தங்கள் கிழமையில்தான் தங்கள் ஆத்மா பூமிக்கு வந்தது என்று அகான் மக்கள் நம்புகிறார்கள். அந்தக் கிழமை அவர்களுக்கு விசேஷமானது. மாமியிடமிருந்த அவ்வளவு துணியும் அவருடைய சொந்தக் கிழமையில் மண்ணாகப் போயிற்று. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, ஒரு தையற்காரியிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அவள் திரும்பிப் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த ஆகஸ்டுத் தேதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில்தான் மாமி வருஷா வருஷம் நன்றி செலுத்துகிறார்.

"எதற்கு நன்றி?" என்று என் காதோரம் கேட்டாள் மகள். அவள் மடியில் தாயாரின் கைப்பை இருந்தது. "என் புஸ்தகங்களை விற்ற காசில் அன்று சாப்பிட்டோம். அதற்கா?"

மாமி அதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டார். தனியாகத்தான். வயதான பாதங்கள் தரையை விட்டு எழும்பவே இல்லை. தேய்த்துத் தேய்த்து நகர்ந்தன. தோள்கள் மட்டும் மேளத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்து, இரண்டு விரல்களை அவர் தலைக்கு மேல் விரித்து ஆட்டினார்கள். அது அந்த ஊர் 'சபாஷ்'. சிலர் நோட்டை அவர் நெற்றியில் ஒட்டினார்கள். ஒருத்தி வியர்வையைத் துடைத்தாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஆராதனை முடியும்போது மணி பன்னிரண்டரை. வீட்டுக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். ஆகஸ்டு மாதந்தான் அக்ராவில் வெயில் குறைந்த மாதம். கடற்காற்று சுகமாக வீசிற்று. மகள் சமையலறைக்குள் போனாள். மாமிக்குச் சந்தை ஆங்கிலம் நன்றாக வரும். எதற்கு நன்றி என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அந்தச் சனிக்கிழமைக்கு என்று நினைத்தாயா?" என்று சிரித்தார். "அதற்கு நான் பைத்தியமா? அதற்கப்புறம் நாலு வருஷம் கோயிலுக்குப் போனேன், உட்கார்ந்திருந்தேன், வந்தேன். ஆடவில்லை. தட்டில் ஒரு காசு போடவில்லை. 83ல் பஞ்சம் வந்தது. கழுத்தெலும்பு எல்லோருக்கும் மாலை போட்ட மாதிரி தெரிந்தது. அந்தப் பஞ்சத்தில் ஒருத்தி என்னிடம் வந்தாள். எங்கள் கோயில்தான், அவளும் ஆமாதான். எப்படியோ கொஞ்சம் துணி சேர்த்து வைத்திருந்தாள். பத்து அரைப் பீஸ் கொடுத்து, 'விற்றுவிட்டுப் பணம் கொடு' என்றாள். கையெழுத்து வாங்கவில்லை, எனக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. எட்டு மாதத்தில் கொடுத்து முடித்தேன். அவள் இப்போது இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஓர் அரைப் பீஸின் விலையை அவள் பெயரில் தட்டில் போடுகிறேன்."

"உங்கள் மகளுக்கு இது தெரியுமா?"

"தெரியும். பத்து அரைப் பீஸ் வந்த அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் போகிறேன் என்று கேட்டாள். துணியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக என்னோடு வர ஆள் வேண்டும் என்றேன்." மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவள் அதற்காக ஆடமாட்டாள். ஆடு என்று நான் சொல்வதும் இல்லை" என்றார்.

உள்ளேயிருந்து வாழைக்காய் வறுக்கும் வாசனை வந்தது. மகள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். தாயாருக்கு வைத்ததில் முள் எடுத்த மீன் இருந்தது. இருவரும் ஃபான்டியில் ஏதோ பேசிக்கொண்டார்கள், சண்டை இல்லை. எனக்கு மீன் ஆகாது என்று தெரிந்து நிலக்கடலையை வைத்திருந்தாள்.

சாப்பிட்டானதும் மாமி என்னை அருகில் அழைத்தார். என் புடவைத் தலைப்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பார்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"எத்தனை கெஜம்?"

"ஆறு, மாமி."

"அரைப் பீஸ்!" என்றார். "உங்கள் ஊரில் இதை நெய்கிறவர்கள் மொத்தமாகக் கொடுப்பார்களா? கடனுக்குக் கொடுப்பார்களா?"